சித்தப்பாவின் மியாட்டா: பழுதுபார்ப்பு நாட்குறிப்பு

பிப்ரவரி 8

கார் வந்து சேர்ந்துவிட்டது. 1993 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. வீட்டில் எல்லோருக்கும் அது மியாட்டாதான். 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், இரண்டே சீட், துணிக்கூரை. நிறம் சிவப்பு என்று ஆவணத்தில் இருக்கிறது. பானெட்டும் டிக்கி மூடியும் வெயிலில் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன.

சித்தப்பா கடைசியாக எப்போது ஓட்டினார் என்று சித்திக்கே சரியாக நினைவில்லை. "முட்டி வலி வந்த பிறகு அதுக்குள்ள இறங்கவே முடியலம்மா அவருக்கு. ஏறி வெளியே வர்றது அதைவிடக் கஷ்டம்" என்றார். முறைப்படி அவர் மகனுக்குத்தான் போயிருக்க வேண்டும். அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "ரெண்டு சீட் காரை வச்சுக்கிட்டு என்னக்கா பண்றது, பிள்ளைங்களை டிக்கியிலயா போடறது?" அப்படித்தான் எனக்கு வந்தது.

அண்ணன் வந்ததுமே பானெட்டைத் திறக்கப் போனார். நான் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈரம். வண்டியை மூடியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளும் வியர்த்திருந்தது. எஞ்சின் காத்திருக்கட்டும், முதல் வேலை இதுதான்.

பிப்ரவரி 10

அண்ணனுக்கு என் வரிசை பிடிக்கவில்லை. "ஸ்டார்ட் ஆகுதான்னே தெரியல, நீ கார்ப்பெட்டைக் காயவச்சுக்கிட்டு இருக்க" என்கிறார். காரணத்தை எழுதி வைக்கிறேன், அவரும் படிப்பார்.

சாதாரணக் காரில் இரும்புக் கூரையும் தூண்களும் சேர்ந்து ஒரு பெட்டியாகி வண்டியின் உடலை வளையாமல் பிடிக்கின்றன. கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பாரம் கீழே இறங்குகிறது. கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற குழாய் போன்ற பகுதியும், இரு சீட்டுகளுக்கும் நடுவில் போகும் மேடும்தான் அதைச் சுமக்கின்றன. மியாட்டாவின் மழைநீர் வெளியேறும் வழி போவதோ அந்தச் சில் பக்கமாகத்தான். துணிக்கூரையின் பின்விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் உண்டு. அதில் சேரும் தண்ணீர் இரு பக்கமும் சீட் பெல்ட் அருகே உள்ள துளைகளில் இறங்கி வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் துளையை அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு வரும், அல்லது சில்லுக்குள்ளேயே நின்று உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

எஞ்சின் கெட்டால் இன்னொன்று கிடைக்கும். இந்த மாடல் அப்படியொன்றும் அரியது இல்லை. 1989இல் அறிமுகமாகி, 2016இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. ஆனால் சில் இரண்டும் மக்கிப்போன திறந்த காரைச் சீர்செய்வது வேறு கணக்கு.

பிப்ரவரி 16

வாய்க்கால் துளைகளைச் சுத்தம் செய்தேன். இரும்புக் கம்பியைத் தொடவில்லை, அது வழியிலுள்ள ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் குத்திக் கிழிக்கும். வளையும் பிளாஸ்டிக் குழாயை மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி உள்ளே விட்டேன். இடப்பக்கம் தண்ணீர் ஊற்றியதும் கீழே கொட்டியது. வலப்பக்கம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு கறுப்பாக ஒரு சொட்டு, அப்புறம் மக்கிய இலை, குளவிக் கூட்டு மண், கடைசியில் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீர். அண்ணன் கைதட்டினார். வாளியை எட்டி வைக்கச் சொல்லியிருந்தேன், அதைத்தான் செய்யவில்லை.

அப்புறம் ஸ்க்ரூடிரைவர் முனையால் சில் முழுக்கக் குத்திப் பார்த்தேன். இடது பக்கம் உறுதி. வலது பக்கம் பின்சக்கர வளைவுக்குச் சற்று முன்னால் முனை உள்ளே இறங்கிவிட்டது. எதிர்பார்த்த இடம்தான். உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரவவில்லை.

பிப்ரவரி 23

இன்று அண்ணனின் நாள். டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது, முழுவதையும் இறக்கினோம். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினோம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, முன்னால் உள்ள பெரிய போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினோம். பிடித்துக்கொள்ளாமல் சுற்றியது.

இந்தக் காரின் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். அதனால் கசியாத சீல் செய்த வகைதான் அதில் இருக்க வேண்டும், வாயுவை வெளியேற்ற மெல்லிய குழாய்களும் பொருத்த வேண்டும். சித்தப்பா ஏதோ அவசரத்துக்குச் சாதாரண பேட்டரியை வைத்திருக்கிறார். அமில ஆவி பட்டு அடித்தட்டு பொரிந்துபோயிருக்கிறது. சோடா மாவுக் கரைசலால் கழுவி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்தாயிற்று.

சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் தயங்கி, இருமி, ஓட ஆரம்பித்தது. மேலே டிக் டிக் என்று தையல் மிஷின் சத்தம். வால்வுகளுக்கு மேலே இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்களில் ஆயில் வற்றியிருந்தால் இப்படித்தான் கேட்கும். சூடானதும் அடங்கியது. ஆயில் மாற்றிய பிறகு காலையில் மட்டும் சிறிது நேரம்.

மார்ச் 2

டேஷ்போர்டு அறையில் சித்தப்பாவின் சர்வீஸ் நோட்டு. சொந்த விஷயம் ஒரு வரி இல்லை, கிலோமீட்டரும் பாகங்களின் பெயரும் மட்டும். எனக்கு வேண்டியதும் அதுதான். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் கடைசியாக மாற்றியது 98,000இல். மீட்டரில் இப்போது 1,61,000. ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும் என்ற கணக்கில் இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டுமா வயது?

இந்த எஞ்சினில் ஓடும்போது பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வில் மோதாது. வண்டி நிற்கும், எஞ்சின் உடையாது. ஆகவே பதற்றம் இல்லை, ஆனாலும் மாற்றினோம். அந்தப் பெல்ட்டேதான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அவ்வளவு தூரம் பிரித்த பிறகு பம்ப்பையும் முன்பக்க ஆயில் சீல்களையும் மாற்றாமல் மூடுவதில் அர்த்தமில்லை.

டயர்களும் போயாயிற்று. பட்டன் ஆழம் புதிது போல இருந்தது, பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் 3109. 2009ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். கல் மாதிரி இறுகியிருந்தன. பழைய அளவான 185/60 ஆர்14 கிடைத்தது.

மார்ச் 9

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் ஒழுகல். தெரிந்த மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "பின் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். சொன்னது தப்பில்லை, அந்த இடத்தில் ஒழுகினால் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் டார்ச் அடித்து மேலே பார்ப்பது நல்லது. ஆயில் கீழிருந்து மேலே ஏறாது.

எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்னால், எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒரு சின்ன உருளை இருக்கிறது. அதன் அடியில் ஒரே ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். அது இறுகி வெடித்து, ஆயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கிக் கியர்பாக்ஸ் மூட்டுக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்தது. சென்சார் இருந்த நிலையை வெள்ளை மார்க்கரால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு போல்ட்டைக் கழற்றி, புதிய வளையம் போட்டு, கோட்டுக்குக் கோடு பொருத்தி இறுக்கினேன். அந்த உருளையைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங்கே மாறிவிடும் என்பதால்தான் கோடு. பிறகு டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்தோம்: 10 டிகிரி, புத்தகத்தில் உள்ளபடி.

கழுவித் துடைத்துவிட்டுக் கீழே அட்டை விரித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 15

அட்டை சுத்தம்.

கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்சை இயக்குவது கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் உறையைத் தூக்கினால் கறுப்புத் திரவம் வடிந்தது. மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றினோம். ஒன்று புதிதானதும் மற்றது கைவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இரண்டும் ஒரே வயதுதானே. அண்ணன் உள்ளே, நான் அடியில். மிதி, பிடி, விடு. காற்றுக் குமிழி நிற்கும்வரை இதே மூன்று வார்த்தைகள்தான் எங்கள் குடும்ப உரையாடல்.

பிரேக் திரவமும் அதே வகைதான், டாட் 3. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு தரம் கேட்பது 140 மட்டுமே. இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். முழுவதும் மாற்றி, ரப்பர் ஹோஸ்களும் புதிது.

மார்ச் 23

சில் வேலை முடிந்தது. பட்டறையில் ஒருவர் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார். எனக்குத் தெரியுமே. நல்ல தகரம் வரும்வரை வெட்டி, புதுத் துண்டு வைத்து வெல்டிங். பேட்டரி இணைப்பை முன்பே கழற்றிவிட்டோம். ஆறியதும் உள்ளே மெழுகு ஸ்ப்ரே.

ஏப்ரல் 6

கூரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், இத்தனை நாளும் காத்திருந்ததே இதற்குத்தான்.

பழைய கூரையின் பின்கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, வளையும் பிளாஸ்டிக். சுற்றிலும் ஜிப் உண்டு. கூரையை மடிக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். சித்தப்பாவுக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை போலும். மடிப்பு விழுந்த இடத்திலேயே நேர்கோடாக வெடித்து, அதன்மேல் வெள்ளி டேப், அந்த டேப்பின்மேல் இன்னொரு டேப். பின்னால் வரும் வண்டி அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது புதிர்.

துணியா வினைலா என்று யோசித்து வினைல் எடுத்தேன். துணி அழகு, சத்தமும் குறைவு, ஆனால் வினைலைத் துடைப்பது எளிது. அசல் கண்ணாடி வைத்த கூரையும் கிடைக்கிறது, எனக்கு ஜிப்பே போதும். இரும்புச் சட்டம் நன்றாக இருந்தது, மூட்டுகளுக்குக் கிரீஸ் மட்டும்.

பின்பக்க ஓரத்தைப் பிடித்திருக்கும் பட்டைகளின் நட்டுகள் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. கை நுழையும், கண் நுழையாது. அவற்றைக் கழற்றியதும் அந்தப் பிளாஸ்டிக் வாய்க்கால் தெரிந்தது. மூலையில் விரிசல். துளைகள் சுத்தமான பிறகும் கார்ப்பெட்டில் ஏன் லேசான ஈரம் தட்டியது என்பதற்கு விடை. கூரையோடு வாய்க்காலையும் சேர்த்து வாங்கியது வீண் போகவில்லை.

புது வினைலை வெயிலில் விரித்து இளக வைத்த பிறகே ஏற்றினோம். அப்படியும் முன் கொக்கிகள் கண்ணாடிச் சட்டத்தை எட்ட மறுத்தன. அண்ணன் உள்ளிருந்து இழுக்க, நான் வெளியிலிருந்து அழுத்த, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஒருவழியாக மாட்டியது. முரசுத் தோல்போல விறைப்பு. சில நாட்களுக்குத் திறக்கப் போவதில்லை, நீண்டு பழகட்டும். ஹோஸ் பைப்பால் மேலே தண்ணீர் அடித்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை, அடியில் இரு பக்கமும் சமமாக ஓடியது.

ஏப்ரல் 19

சித்தியை உட்காரவைத்து ஓட்டினேன். கூரையைத் திறந்ததும், "தலை கலையுது, மூடு" என்றார். மூடினேன். "மூடினா எதுக்கு இந்த வண்டி, திற" என்றார்.

வெளுத்த நிறத்தைத் தொடக் கூடாது, அது சித்தப்பாவின் அடையாளம் என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். சித்தி சிரித்துவிட்டார். "அவருக்கு அந்த நிறம் சுத்தமா பிடிக்காது. அடுத்த மாசம் பெயின்ட், அடுத்த மாசம் பெயின்ட்னே சொல்லிட்டு இருந்தார். நீ அடிச்சுடு."

ஏப்ரல் 21

பெயின்ட் அடிக்கத் தேவையில்லை. ஒரு ஓரத்தில் பாலிஷ் போட்டுத் தேய்த்தபோது வெள்ளைத் துணி சிவப்பாகிவிட்டது. அதாவது மேலே கிளியர் கோட் கிடையாது, நிறமே வெளிப்பூச்சு. வெளுத்தது மேல் படலம் மட்டும், அதை எடுத்தால் அடியில் பழைய சிவப்பு அப்படியே. விளிம்புகளில் பூச்சு மெலிதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு மிஷின் பிடித்தேன். பானெட் பாதி முடிந்திருக்கிறது. பாதி சிவப்பு, பாதி ரோஜா. படம் எடுத்துச் சித்திக்கு அனுப்பினேன், "எந்தப் பாதி முடிஞ்சது?" என்று கேட்கிறார்.

ஏப்ரல் 27

பானெட் முழுச் சிவப்பு. டிக்கி மூடி அடுத்த வாரம்.

இனி மிச்சம் வலப்பக்க முகப்பு விளக்கு. இந்தக் காரில் முகப்பு விளக்குகள் உள்ளே மடங்கியிருக்கும், வேண்டும்போது மோட்டார் மேலே தூக்கும். ஸ்விட்சைப் போட்டால் இடது கண் டக்கென்று எழுகிறது, வலது பாதியில் நின்றுவிடுகிறது. பானெட்டுக்குள் மோட்டாரின் தலையில் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது, கையால் சுற்றித் தூக்கலாம். மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்யும்வரை விளக்கை மேலே தூக்கியபடி விட்டு, அதன் ஃபியூஸைக் கழற்றி வைத்திருக்கிறேன். அண்ணன் மோட்டாரோடு தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார், நான் இங்கேயே பிரிக்கலாம் என்கிறேன். ஞாயிறு காலை வருகிறார், மல்டிமீட்டரோடு.