மாங்கனீசு உள்ளே போனதா?

ஜூன் 3
பகல் முழுவதும் மின்சாரம் இல்லை.

ஜூன் 4
துத்தநாக சல்பைடு நானோ படிகத்துக்குள் மாங்கனீசைச் சேர்க்கும் முயற்சி. துத்தநாக, மாங்கனீசு உப்புக் கரைசலில் சோடியம் சல்பைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அழுகிய முட்டை நாற்றம். கழுவிய துகள்களை நீரில் கலந்து, கியூவெட் என்னும் சிறு குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றி, 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் வைத்தேன். அறை விளக்கை அணைத்ததும் ஆரஞ்சு! சாதாரணக் கண்ணாடிக் குப்பி இந்தப் புற ஊதாவை உள்ளே விடாது. அதில் வைத்தால் இதே கரைசல் இருண்டு கிடக்கும். பக்கத்தில் மாங்கனீசு சேர்க்காதது: மங்கலான நீலம். இரண்டும் துத்தநாக சல்பைடுதான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 5
மாங்கனீசு படிகத்துக்குள் போனதா, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

ஜூன் 8
தூக்கம் வரவில்லை. 1994இல் பார்கவா குழுவினர், நானோ படிகத்துக்குள் மாங்கனீசின் ஒளிர்வு நானோநொடிகளில் அடங்கிவிடுகிறது என்று எழுதினார்கள். பெரிய படிகத்தில் அதற்கு ஏறத்தாழ 1.8 மில்லிநொடி ஆகும். லட்சம் மடங்கு வேகம்! உலகமே பரபரத்தது. 1998இல் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் பொறுமையாக அளந்து, மாங்கனீசு பழையபடி மில்லிநொடிகளில்தான் ஒளிர்கிறது, அந்த வேகம் சல்பைடின் படிகக் குறைகளிலிருந்து வரும் ஒளியினுடையது என்று காட்டினார்கள். எனக்கு அந்தத் தாமதம்தான் பிடித்திருக்கிறது. எலக்ட்ரானின் தற்சுழற்சி புரள வேண்டிய தாவல். விதி எளிதில் இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் அவ்வளவு நேரம் ஒளிர்கிறது. ஒளி அடங்குவதைக் காட்டும் என் வளைவிலும் அந்த நீண்ட வால் தெரிய வேண்டும்.

ஜூன் 9
அம்மா பேசினார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். ஆய்வு எப்போது முடியும் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் வலிக்கிறது.

ஜூன் 12
ஈ.பி.ஆர். முடிவு வந்தது; இணையில்லா எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் கண்டறியும் அளவீடு. ஆறு கோடுகள்! தனித்தனியாக நிற்கும் மாங்கனீசு. மேற்பரப்பில் இருந்தால் கோடுகளுக்கிடையே இடைவெளி அகலும். பெரும்பாலும் குறுகியே இருக்கிறது. ஆனால் அடியில் ஒரு அகன்ற மேடு. ஒன்றையொன்று நெருங்கிக் கிடக்கும் மாங்கனீசு. நெறியாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 13
வளரும் படிகத்தின் முகத்தில் மாங்கனீசு எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்கிறது 2005இன் கட்டுரை. அந்த மேடு கண்ணை விட்டு அகலவில்லை.

ஜூன் 16
ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று காணும் ஆயுட்கால அளவீட்டுக்கு எனக்குத் தந்த நேரத்தை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். யாரிடமும் பேசவில்லை.

ஜூன் 19
அளந்தாயிற்று. 590 நானோமீட்டரில் வால் மில்லிநொடிகளுக்கு நீள்கிறது. கை நடுங்கியது. தொடக்கத்தில் மட்டும் ஒரு செங்குத்தான சரிவு. சல்பைடின் நீல ஒளி இந்த அலைநீளம் வரை கசிந்திருக்கலாம். நாளை முதல் வேலையாக மாங்கனீசு சேர்க்காததையும் இதே அலைநீளத்தில் அளக்க வேண்டும். இந்த அளவீட்டுக்கான துடிப்பு விளக்குக்கு நேரம் கேட்டு எழுதியிருக்கிறேன்.