கிரேத்தா ஆயர் நாட்குறிப்பு

ஜூன் 10, செவ்வாய்

சிங்கப்பூரில் நான் இறங்கிய ரயில் நிலையப் பலகையில் தமிழில் 'சைனாடவுன்' என்று எழுதியிருந்தது. பக்கத்திலிருந்த சீன எழுத்துக்கு அந்தப் பொருளே இல்லை. அது மாட்டு வண்டித் தண்ணீர். இந்தப் பகுதியின் மலாய்ப் பெயர் கிரேத்தா ஆயர். அதற்கும் தண்ணீர் வண்டி என்றுதான் பொருள். ஆன் சியாங் குன்றுக் கிணறுகளில் இறைத்த தண்ணீரை ஒரு காலத்தில் மாட்டு வண்டியில் இங்கே கொண்டுவந்தார்கள். 1822-ல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் போட வைத்த நகரத் திட்டம் சிங்கப்பூர் ஆற்றின் தென்மேற்குப் பக்கத்தைச் சீனர்களுக்கு ஒதுக்கியது. சைனாடவுன் அந்த ஒதுக்கீட்டை நினைவூட்டும் பெயர். தண்ணீர் வண்டி, குடியிருந்தவர்கள் வைத்த பெயர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

அறை ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். கீழே கடை, மேலே வீடு, முன்னால் வெயிலும் மழையும் படாத நடைபாதை, அதுதான் அஞ்சடி. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. அஞ்சடியிலேயே கடை கடையாக நடந்தேன். தலை நனையவில்லை.

இரவுச் சாப்பாடு மேக்ஸ்வெல் உணவங்காடியில். தட்டு வாங்கப் போனால் இடம் போய்விடும். தனியாக வந்தவளுக்கு இது பெரிய கவலை. எல்லோரும் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு நிம்மதியாக வரிசைக்குப் போகிறார்கள். நானும் வைத்தேன். திரும்பி வரும்வரை யாரும் அங்கே உட்காரவில்லை. "ஒரே ஆளா?" என்று கேட்டார் கடைக்கார அம்மா. தலையாட்டினேன்.

ஜூன் 11, புதன்

பகோடா ஸ்ட்ரீட் என்றதும் ஏதோ சீனக் கோபுரம் என்று நினைத்திருந்தேன். தெருமுனைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். பெயருக்குக் காரணமான பகோடா, நம்ம மாரியம்மன் கோயில் கோபுரம்!

1819-ல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827-ல் மரத்தாலும் ஓலையாலும் கட்டிய கோயில் இது. அடுத்த தெருவுக்கு மாஸ்க் ஸ்ட்ரீட் என்று பெயர் வரக் காரணம் ஜாமிஆ பள்ளிவாசல். அதைத் தொடங்கியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். சீனர் பேட்டையின் தெருப்பெயர்களை வாசித்துக்கொண்டே போனால் நம் ஊர்க்காரர்கள் எதிரே வருகிறார்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் வேலை கிடைக்கும்வரை இந்தக் கோயிலில்தான் தங்கினார்களாம். சீனர்களுக்கு அதே வேலையைச் செய்தவை குலச் சங்கங்கள். ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர் என்று சொன்னால் படுக்க இடம் கிடைக்கும். எழுதத் தெரியாதவர்களுக்காக அஞ்சடியில் கடிதம் எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காசும் கடிதமும் சேர்ந்தே ஊருக்குப் போகும். அந்த அஞ்சடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று அதிகம் நடக்கவில்லை. சாகோ லேன் மனதைப் பிடித்துக்கொண்டது.

ஜவ்வரிசி ஆலைகளால் வந்த பெயர். ஆனால் இந்தத் தெருவை மக்கள் நினைவில் வைத்திருப்பது சாவு வீடுகளுக்காக. கடைவீடுகளைத் தடுத்துத் தடுத்து, ஒரு அறையில் பல பேர் இருந்த காலம். அங்கே சாவதற்கு இடம் இல்லை. வீட்டுக்குள் சாவு விழுந்தால் ஆகாது என்ற பயம் வேறு. அதனால் முடியாமல் போனவர்கள் இங்கே வந்து படுத்துக் காத்திருந்தார்கள். 1961-ல் அரசு தடை செய்தது. இப்போது இது சின்னச் சந்து. பக்கத்தில் 2007-ல் திறந்த புத்தர் பல் கோயில் நிற்கிறது.

சம்சுய் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். 1933-ல் சீன ஆண்களின் வரவுக்கு அரசு வரம்பு வைத்தது. பெண்களுக்கு அப்போது வைக்கவில்லை. சீனாவின் சம்சுய் பகுதியிலிருந்து பெண்கள் கப்பலேறி வந்து, சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கட்டட வேலையில் மண் சுமந்தார்கள். பலர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நான்கு நாள் தனியாகப் போகிறேன் என்றதற்கே வீட்டில் எத்தனை கேள்வி! அவர்கள் திரும்பிப் போகும் தேதி தெரியாமல் வந்தவர்கள்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் தெலுக் ஆயர் தெரு. ஒரே வரிசையில் நாகூர் தர்கா, தியான் ஹொக் கெங் என்ற சீனக் கோயில், அல் அப்ரார் பள்ளிவாசல். கடைசியாகச் சொன்னதற்குத் தமிழர்கள் வைத்த பெயர் குச்சுப் பள்ளி. குடிசையாகத் தொடங்கியதால்.

தியான் ஹொக் கெங் 1839 முதல் 1842 வரை கட்டியது. கடல் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்த ஹொக்கியன் சீனர்கள் கடல் தாய் மாசுவுக்கு நன்றி சொன்ன இடம். அப்போது தெருவுக்கு எதிரே கடற்கரை. பின்னால் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் இன்று எதிரே அலுவலகக் கட்டடங்கள்தான்.

நடு வாசலுக்கு நேராகப் போனேன். ஒரு வயதான ஆன்ட்டி என் கையைத் தொட்டு வலப்பக்க வாசலைக் காட்டினார். இடப்பக்கமாக வெளியே வர வேண்டும் என்று சைகையில் சொன்னார். வாசல்படி முழங்கால் உயரத்துக்குப் பக்கம். மிதிக்காமல் தாண்டு என்று தன் காலையே தூக்கிக் காட்டினார். தாண்டினேன். அப்புறம் மேலே கை நீட்டினார். கூரை உத்தரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு சின்னச் சின்ன மர உருவங்கள். நம்மவர்கள் மாதிரி முகம். கட்டட வேலைக்குச் சூலியா தெருவிலிருந்து வந்தவர்களுக்கு மரியாதையாகச் செதுக்கியவை என்கிறார்கள்.

"தனியாகவா வந்தாய்?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் ஆன்ட்டி என்றேன். மூன்று ஊதுவத்திகளைப் பற்றவைத்து என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.