பத்து நொடிப் பெட்டியும் ஓர் ஒப்பாரியும்

ஜூன் 6

இந்த மாதம் பீட் ராக், சி.எல். ஸ்மூத் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் ஜோடியைத் தவிர வேறு யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பெரிய வைராக்கியம் ஒன்றும் தேவையில்லை. ஜோடியாக அவர்கள் வைத்துவிட்டுப் போனது கொஞ்சம்தான்: 1991இல் ஒரு சிறு இசைத்தட்டு, 1992இல் ஓர் ஆல்பம், 1994இல் இன்னொன்று. 1995இல் பிரிந்துவிட்டார்கள்.

நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதிக்கு வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மவுண்ட் வெர்னன்தான் இருவருக்கும் ஊர். பீட் ராக் இசையமைப்பவர், சி.எல். ஸ்மூத் ராப் பாடுபவர். இருபது வயது ஆவதற்கு முன்பே பீட் ராக், ஹிப்-ஹாப் இசையமைப்பாளர் மார்லி மார்ல் நடத்திய வானொலி நிகழ்ச்சியில் இசைத்தட்டுகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த ராப் பாடகர் ஹெவி டி அவருக்கு நெருங்கிய உறவு. ஆக, வாசல் திறந்தே இருந்தது. ஆனால் உள்ளே போனபின் செய்த வேலைக்கு உறவுமுறை காரணமில்லை.

ஜூன் 9

அவர்களின் முதல் ஆல்பமான ‘மெக்கா அண்ட் தி சோல் பிரதர்’ 1992ஆம் ஆண்டு இதே தேதியில்தான் வெளியானது. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் நாலைந்து பாட்டுகளைக் கழித்திருக்கலாம். குறுந்தகட்டில் இடம் இருக்கிறது என்பதற்காகவே நிரப்பிய காலம் அது.

இரவில் ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வேறு ஏதோ ஒரு பழைய இசையின் துண்டு சில நொடிகள் வந்து போகிறது. அடுத்து வரும் பாட்டோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘இதுவும் என்னிடம் இருக்கிறது, ஆனால் இதை வைத்துப் பாட்டுப் பண்ணப்போவதில்லை’ என்று காட்டிவிட்டுப் போகும் குறும்பு. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஜூன் 14

அக்கா மகன் வந்திருந்தான். மடிக்கணினியில் சொந்தமாகத் தாளக்கட்டு செய்கிற பையன். பீட் ராக் பயன்படுத்திய எஸ்.பி. 1200 கருவியைப் பற்றிக் கேட்டேன்; உட்கார்ந்துவிட்டான்.

1987இல் கலிபோர்னியாவின் ஈ-மியு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டி அது. பழைய இசைத்தட்டிலிருந்து ஒலித் துண்டுகளைப் பதிவு செய்து, அவற்றைத் தட்டித் தாளக்கட்டாக அடுக்கலாம். தட்டுவதற்கு எட்டுப் பொத்தான்கள். அதன் நினைவகத்தில் மொத்தமாக அடங்கும் ஒலி ஏறத்தாழ 10 நொடிதான். மத்தளம், அடித்தந்தி, ஊதுகருவி எல்லாம் அந்தப் பத்து நொடிக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

“அதனால் ஒரு தந்திரம் செய்வார்கள், மாமா. நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள். பிறகு பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்கு இறக்கிவிடுவார்கள்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நொடிக்குள் பதின்மூன்றரை நொடி இசை அடங்கிவிடும். சிக்கனம்தான், ஆனால் இறக்கும்போது ஒலியின் ஓரமெல்லாம் சொரசொரத்துப் போகிறது. அவன் ஒரு சாக்ஸபோன் துண்டை எடுத்து, வேகமாக்கி, தரத்தைக் குறைத்து, மறுபடி இறக்கிக் காட்டினான். பளிச்சென்று இருந்த நாதத்தில் மணல் கலந்ததுபோல் ஆகிவிட்டது. இன்றைக்கு எவ்வளவோ வசதியுள்ள மென்பொருளை வைத்துக்கொண்டு அந்த மணலைத்தான் இவனும் இவன் நண்பர்களும் தேடுகிறார்கள்.

இன்னொன்றும் காட்டினான். பழைய பாட்டின் மேல்ஸ்தாயி ஒலிகளை வடிகட்டி எடுத்துவிட்டால் அடியில் கனமான ஒரு முனகல் மட்டும் மிஞ்சுகிறது. அதுவே அடித்தந்தி ஆகிவிடுகிறது. அதன்மேல் மிதக்கிற ஊதுகருவிதான் பீட் ராக்கின் கையெழுத்து.

ஜூன் 22

அந்த ஒரு பாட்டுக்கு வருகிறேன். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஹெவி டி குழுவில் ஆடிக்கொண்டிருந்த டிராய் டிக்சன் 1990 ஜூலை 15 அன்று, இசைப் பயணத்தின்போது, இண்டியானாபொலிஸ் நகரில் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 22. ஊர்க்காரர், நண்பர். அவருக்காகச் செய்யப்பட்டதுதான் ‘தே ரெமினிஸ் ஓவர் யூ’. ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் டிராய் என்று வரும்.

அதில் வரும் சாக்ஸபோன், சாக்ஸபோன் கலைஞர் டாம் ஸ்காட் 1967இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து எடுத்தது. ஜெஃபர்சன் ஏர்பிளேன் என்ற ராக் குழுவின் காதல் பாட்டு ஒன்றை அவர் மறுவாசிப்புச் செய்திருந்தார். அதைக் கண்டெடுத்துக் கேட்டபோது அழுகை வந்துவிட்டது என்று பீட் ராக் பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். மூலத்தை இன்று தேடிக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. எங்கோ நடுவில் ஒரு கணம் தலைகாட்டும் துண்டு அது. பிடித்து நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்த பிறகுதான் துக்கம் ஏறுகிறது.

ஜூன் 23

நேற்று எழுதியதில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி சி.எல். ஸ்மூத்.

இறந்த நண்பனுக்கான பாட்டு என்று கேட்கப் போனால், முதல் சரணத்தில் நண்பனே இல்லை. தான் பிறந்த கதையைத் தொடங்குகிறார்: அக்டோபர் 8, பிள்ளையின் கைவிரல் கால்விரல்களை எண்ணிப் பார்க்கும் வீடு, அன்றைக்கு மட்டும் குடிக்காமல் வந்து நின்ற தாத்தா. தன்னைவிடப் பதினெட்டே வயது மூத்த அம்மா. பொறுப்பில்லாமல் நழுவிவிட்ட தகப்பன். இரண்டாம் சரணம் அந்தத் தகப்பனுடைய இடத்தில் நின்று வளர்த்து ஆளாக்கியவருக்கு. மூன்றாவதில்தான் டிராய் வருகிறார். தெருச் சண்டையில் அறிமுகமானது, யாருக்கும் முன்பாக இவர்மேல் நம்பிக்கை வைத்தது என்று நாலைந்து வரிகள், அவ்வளவுதான். உடனே பாட்டி, மாமன்மார், சொந்தத் தொழில் நடத்தும் உறவுக்காரப் பெண் என்று மறுபடி குடும்பம்.

எங்கள் ஊரில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. இழவு வீட்டில் கட்டிக்கொண்டு அழுகிறவள் பாடைமேல் கிடப்பவருக்காக மட்டுமா அழுகிறாள்? பிறந்த வீட்டுச் சீர், செத்துப்போன அப்பன், குடித்து அழித்த புருஷன் எல்லாம் வரிசையாக வரும். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஒரு சாவு மற்ற எல்லாவற்றுக்கும் மடை திறந்துவிடுகிறது. சி.எல். ஸ்மூத் குரலை உயர்த்தாமல், கிட்டத்தட்ட பேச்சுபோலவே இதைச் சொல்லிக்கொண்டு போவதுதான் வித்தியாசம்.

ஜூலை 3

‘தி மெயின் இன்கிரீடியன்ட்’, 1994. முதலாவதைவிட மென்மையானது, சீரானது. முதலாவது அளவுக்கு என்னைப் பிடித்து உலுக்கவில்லை.

இந்த ஜோடி ஏன் நீடிக்கவில்லை என்று பலர் பல காரணம் சொல்கிறார்கள். இருவர் நடுவில் நடந்தது அவர்களுக்குத்தான் தெரியும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான். ஆனால் வேலைப் பங்கீட்டிலேயே ஒரு சாய்வு இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இசையமைப்பவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். 1991இலேயே பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் பாட்டைப் புதிதாக்கிக் கொடுத்தார். 1993இல் ரன்-டி.எம்.சி. என்ற ராப் குழுவுக்கு ஒரு பாட்டு, அதில் சி.எல். ஸ்மூத்தும் பாடினார். 1994இல் ராப் பாடகர் நாஸின் முதல் ஆல்பத்தில் ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’. பாடுகிறவருக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் கம்மி. 1998இல் பீட் ராக் தன் தனி ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார். சி.எல். ஸ்மூத்தின் தனி ஆல்பம் வர 2006 ஆகிவிட்டது.

ஜூலை 15

2012இல் ராப் பாடகர் லூப்பே ஃபியாஸ்கோ அதே சாக்ஸபோன் மெட்டை வைத்து ஒரு பாட்டு வெளியிட்டபோது பீட் ராக் பகிரங்கமாகக் கோபப்பட்டார். அக்கா மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

“மாமா, அந்த மெட்டே அவருடையது இல்லையே. டாம் ஸ்காட்டுடையது. அதுவும் இன்னொரு குழுவின் பாட்டு.”

சட்டப்படி அவன் சொல்வதை மறுக்க முடியாது. 1991 டிசம்பரில் ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பிறருடைய பதிவிலிருந்து துண்டு எடுத்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. உரிமை என்று பேசினால் மெட்டு பீட் ராக்கிடம் நிற்காது. ஆனால் அவருடைய கோபம் உரிமை பற்றியதில்லை. செத்த நண்பனுக்கென்று ஒதுக்கி வைத்த மெட்டை இன்னொருவர் வேறு காரியத்துக்கு எடுப்பது பொறுக்கவில்லை. நான் பீட் ராக் பக்கம்.

“அப்படியென்றால் யாருமே எதையும் தொடக்கூடாது. நாங்கள் எங்கே போவது?” என்றான்.

அடுத்த வாரம் அவன் வரும்போது டாம் ஸ்காட்டின் மூலத்தை முழுதாகப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறான். அந்தத் துண்டைத் தவிர வேறு எதையாவது அதிலிருந்து எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டுமாம்.