கூடலூர் அவசரப் பிரிவு: மழைக்கால நாட்குறிப்பு

ஜூலை 8, 2024, திங்கள்

பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் கிராம சுகாதாரச் செவிலியர் வற்புறுத்தி அனுப்பியிருந்தார். காய்ச்சல் 102 டிகிரி. தாயின் கையிலிருந்த அட்டையில் அரிவாள் செல் இரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) என்றிருந்தது. இந்நோயில் மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழந்துவிடுவதால், நிமோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவிக் குழந்தையைச் சாய்த்துவிடச் சில மணி நேரமே போதும். ஆகவே அவனை வரிசையில் அமர்த்தாமல், கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனைக்கு) இரத்தம் எடுத்த கையோடு செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றினோம்.

“மாத்திரையிலேயே இறங்கிவிடும் என்று நினைத்தேன், டாக்டர்” என்றார் தாய். அவருடைய விரல்களைப் பிடித்துச் சிறுவனின் இடது விலாவுக்குக் கீழே வைத்து, மண்ணீரல் திடீரென வீங்கினால் எப்படித் தட்டுப்படும் என்று காட்டினேன். இரத்தம் அங்கே தேங்கும்போது குழந்தை வெளிறிச் சோர்ந்துவிடும். அப்போது பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1952-இல் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அப்படிப்பட்ட மலையில் காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு பழங்குடிக் குழந்தையிடமும் அந்த அட்டையைப் பற்றி நுழைவாயிலிலேயே கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜூலை 11, வியாழன்

தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஏழு வயதுச் சிறுமி வந்தாள். சில வாரங்களாகக் கால்வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், இப்போது நடக்கவே மறுக்கிறாள். வெளிறிய முகம் இங்கே அன்றாடக் காட்சி என்பதால், பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. குளிருக்காக அணிந்திருந்த இரண்டு ஸ்வெட்டர்களையும் காலுறைகளையும் கழற்றச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே குண்டூசி முனையளவில் செம்புள்ளிகள் இருந்தன. கண்ணாடித் துண்டால் அழுத்தியும் அவை மறையவில்லை; தோலுக்கடியில் இரத்தம் கசிந்ததன் அடையாளம் அது. கழுத்தில் நெறிக்கட்டிகள் இருந்தன. கல்லீரலும் மண்ணீரலும் கைக்குத் தட்டுப்பட்டன.

ஹீமோகுளோபின் 5.8, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 14,000, இரண்டுமே மிகக் குறைவு. ஸ்மியரில் (கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தத்தில்) முதிராத வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன. இரத்தப் புற்றுநோய் என்றே சந்தேகித்தோம். வாத மூட்டுவலி என்று கருதி யாரேனும் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், அந்த அணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையே குழம்பிப்போயிருக்கும். நல்லவேளையாக அது நடக்கவில்லை. நெஞ்சுக்குள் கட்டி இருந்தால் மல்லாக்கப் படுக்கவைப்பதும் மயக்க மருந்தும் மூச்சை அடைத்துவிடக்கூடும் என்பதால், உட்காரவைத்தே எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் 108-இல் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். குழந்தைகளின் லிம்ஃபாய்டு வகை இரத்தப் புற்றுநோய் முழுச் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது என்று தந்தையிடம் இருமுறை சொன்னேன். முதல்முறை அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

ஜூலை 17, புதன்

புற்றுநோய்க்காகக் கீமோ சிகிச்சையிலிருக்கும் சிறுவன் 101 டிகிரி காய்ச்சலோடு வந்தான். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கலாம் என்ற நிலையில் முடிவு வரும்வரை காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றினோம். மலவாய் வழியே வெப்பம் பார்ப்பதும் தசையில் ஊசி போடுவதும் இவனுக்கு ஆகாது என்பதைப் புதிதாகச் சேர்ந்த செவிலியருக்கு விளக்கினேன்.

இரவில் ஸ்மியர் பார்க்க ஆளில்லாத குறை இன்னும் தீரவில்லை. இரவுப் பணிக்கும் ஒரு லேப் டெக்னீஷியனைக் கேட்டு இன்று மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.