பாதையை விட்டுச் சுவரைப் பிடித்தேன்

ஏ2 தாளில் அச்சிட்டு வைத்திருந்த பெரிய புதிர்ப்பாதை ஒருவழியாக மசிந்துவிட்டது. சுவர்களுக்கு வண்ணம் தீட்டியே பாதி வேலை முடிந்தது.

வலது கை விதி (வலப்பக்கச் சுவரிலிருந்து கையை எடுக்காமலே நடப்பது), முட்டுச்சந்து அடைப்பு (மேலே வழியில்லாத சந்துகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருவது) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இதில் இரண்டு வாசலும் வெளிச்சுவரில் இருப்பதால் வலது கை விதியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் வழியிலுள்ள சந்துபொந்தெல்லாம் நுழைந்து வரவேண்டும். எனக்கு வேண்டியதோ மிகக் குறுகிய வழி. முட்டுச்சந்து அடைப்பு தீவுகளிடம் தோற்றது. தனியே நிற்கும் சுவர்த்துண்டைச் சுற்றிப் பாதை வளையமாகிவிடுகிறது. வளையத்துக்கு ஏது முட்டு? ஒரே வாய் உள்ள பகுதிக்குள் ஒரு வளையத்தை ஒளித்துவைத்தாலே போதும், அந்தப் பகுதி அடைபடாமல் நிற்கும். வடிவமைத்தவர் பெரிய வில்லன்.

வண்ணம் தீட்டினால் அந்த வேஷம் கலைந்துவிடும். இரண்டு வாசல்களும் வெளிச்சுவரை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம், அவற்றோடு ஒட்டிய கிளைகளுக்கும் அதே நிறம். ஒவ்வொரு தீவுக்கும் வேறு நிறம். அப்புறம், இருபக்கமும் ஒரே நிறச் சுவர் உள்ள பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். அங்கே குறுக்கே ஒரு கோடு போட்டால் அந்தச் சுவரும் கோடும் சேர்ந்து மூடிய வேலியாகிவிடும். இரண்டு வாசலும் வேலிக்கு வெளியேதான் இருக்கும். உள்ளே இருப்பது ஒற்றை வாய்ப் பை, அதில் எத்தனை வளையம் இருந்தால் என்ன?

கஷ்டமெல்லாம் சுவர் முனைகளில்தான். இரண்டு சுவர்கள் மயிரிழை இடைவெளியில் நிற்கும் இடத்தில் நிறம் தாண்டிவிட்டால் ஒரு தீவே காணாமல் போய்விடும். அதனால் முதலில் இடைவெளிகளை மட்டும் தேடி, இருபுறமும் ஊசிமுனைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்கிறேன். ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம், அதன் முனை சுவரைவிட அகலம். மெல்லிய தாளில் மை ஊறுகிறது, கனமான தாளே சரி. பேனா செட் வாங்கும்போது ஆரஞ்சையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் செட்டில் இரவு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். கணினியில் வாளிக் கருவியால் ஒரே சொடுக்கில் நிரப்பலாம் என்பார்கள். அது போங்கு ஆட்டம்.

மிஞ்சிய பாதைகளில் இரண்டு வாசலிலிருந்தும் கட்டங்களை எண்ணிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்க வைத்தேன். குறுகிய வழி தெரிந்தது. இன்னும் மையால் இழுக்கவில்லை.

அதற்குள் அடுத்ததை எடுத்தாகிவிட்டது. இலக்கு நடுவில் இருக்கும் புதிர் அது. அங்கே ஒரே நிற விதி செல்லாது, இலக்கே பைக்குள் இருக்கலாம். போதாததற்குப் பாலங்கள் வேறு. பாதை பாதைக்கு மேல் போனால் சுவர்க் கணக்கே குழம்பிவிடும். 1882-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா எழுதிவைத்த திரேமோவின் முறைதான் அதற்குக் கை கொடுக்கும்: ஒவ்வொரு சந்திப்பிலும் வந்த வழிக்கும் போகும் வழிக்கும் குறி போடு, இரண்டு குறி விழுந்த வழியில் மறுபடி நுழையாதே. குறிகளை அழித்து எழுத வேண்டிவரும் என்பதால் இந்த முறை பென்சில்தான், தாளின் மேல் டிரேசிங் தாள் ஒட்டியிருக்கிறேன்.