பழைய எயார் றைபிள்: ஸ்பிரிங்கில் கைவைக்க முதல் தோலை நனையுங்கள்

கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரின் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு வெளிநாடு போகிறது என்று மச்சான் சொல்லித்தான் இந்த எயார் றைபிள் என் கைக்கு வந்தது. பத்திரங்களை முறையாக மாற்றி, பொலிஸிலும் போய்க் கேட்டுத் தெளிந்த பிறகுதான் யாழ்ப்பாணத்தில் எங்கள் கொழும்புத்துறைக்குக் கொண்டுவந்தேன். அந்த அலைச்சலை இங்கே எழுதப்போவதில்லை, ஆனால் அதைச் செய்யாமல் யாரும் வாங்கிவிடாதீர்கள். எங்கள் ஊரில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே சில பேருக்கு நெஞ்சு இறுகும். அம்மா இரண்டு நாள் நான் அதை வைத்திருந்த அறைக்குள்ளேயே வரவில்லை.

மேலே ‘ஒரிஜினல் மொடல் 27’ என்று அடித்திருக்கிறது. ஜேர்மனியில் றாஸ்டாட் என்ற ஊரில் டயானா றைபிள் செய்கிற அதே கம்பனி செய்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களுடைய இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் ஸ்கொட்லாந்தில் மில்ப்ரோ என்ற கம்பனிக்குப் போய்விட்டதால், பிரிட்டனுக்கு அனுப்பிய றைபிள்களில் இவர்கள் ‘ஒரிஜினல்’ என்று அடிக்க வேண்டி வந்தது. ஆகவே பெயரைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கவேண்டாம், நல்ல சாமான். என்னுடையதன் குழல் அளவு .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீற்றர்.

விற்றவர் வெளிப்படையாகவே சொன்னார், “தம்பி, ஸ்பிரிங் போய்விட்டது, வேகமில்லை.” பத்து மீற்றரில் ஒரு பிஸ்கட் பெட்டியின் மட்டையைக் கூடச் சன்னம் துளைக்கவில்லை, பள்ளம் விழுத்திவிட்டுக் கீழே விழுந்தது. யாரைக் கேட்டாலும் ஸ்பிரிங்கை மாற்று என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஏனென்றால் உள்ளே இருப்பது ஒரு சைக்கிள் பம்தான். குழலை மடக்கும்போது தடித்த ஸ்பிரிங் ஒன்று அமுங்கி, பிஸ்டனோடு பின்னுக்குப் போய்க் கொழுவிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் பிஸ்டன் முன்னுக்குப் பாய்ந்து, முன்னாலிருக்கும் காற்றை நெரித்து, ஒரு சின்னத் துவாரம் வழியாகச் சன்னத்துக்குப் பின்னால் தள்ளுகிறது. அந்தக் காற்றைப் பக்கத்தால் கசியவிடாமல் பிடிப்பது பிஸ்டன் தலையில் இருக்கும் தோல் வோஷர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லாமல் ஊர் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. பம் காற்றடிக்கவில்லை என்றால் தோல் வோஷரைக் கழற்றி, விரலால் விரித்து, எண்ணெயில் ஊறவைத்துத் திரும்பப் போட அப்போது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பம்மில் காற்று ஏறாவிட்டால் யாரும் பம்மின் குழாயை மாற்றவில்லையே. வருடக்கணக்காக அலுமாரிக்குள் கிடந்த றைபிளிலும் முதலில் காய்வது தோல்தான்.

ஆனால் தோலுக்குப் போக முன் குழல். குழலை மடக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், மறுபக்கம் தெரியவில்லை. குளவி மண் கூடு கட்டியிருந்தது! எதையும் சுட்டுப் பார்க்க முன் குழலுக்குள்ளால் பார்க்கவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அந்தப் பிஸ்கட் பெட்டிச் சோதனை கண்டியில் நடந்தது, றைபிள் இங்கே வந்து மூன்று வாரம் மூலையில் நின்ற இடைவெளியில் குளவிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஈர்க்கால் மண்ணை மெதுவாக உதிர்த்து எடுத்தேன். பிறகு தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசியை இரண்டாக மடித்து, மடிப்பில் பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த ஒரு துண்டைக் கொழுவி, சன்னம் போடுகிற பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுத்தேன். முதல் துண்டு கறுப்பு மையாக வந்தது, இரண்டாவதில் மண்ணிறம், மூன்றாவதில் ஈயத்தின் சின்னச் சின்ன மினுங்கல்கள். ஏழாவது துண்டு கிட்டத்தட்ட வெள்ளை. அதோடு நிறுத்திவிட்டேன். இரும்புக் கம்பியோ கம்பித் தூரிகையோ வேண்டவே வேண்டாம். உள்ளே ஓடுவது மெத்தென்ற ஈயம், வெடிமருந்துக் கரி எதுவும் இல்லை. தேய்த்துக் கெடுப்பதைத் தவிர அந்தத் தூரிகைக்கு அங்கே வேலை இல்லை.

காற்று வரும் துவாரத்தைச் சுற்றி மஞ்சள் பசை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தால் காறல் எண்ணெய். யாரோ முன்னர் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். சமையலறை எண்ணெய் எதுவும் ஆகாது, தேங்காய் எண்ணெயும் சரி நல்லெண்ணெயும் சரி, நாளாக நாளாகப் பிசினாகிவிடும். குச்சியில் துணி சுற்றி எட்டின மட்டும் துடைத்தேன்.

சரி, தோல். குழலை மடக்கினால் தெரிகிற அந்தத் துவாரத்தில் ஐந்தாறு துளி எண்ணெய் விட்டு, தோளில் வைக்கிற மரக்கட்டை கீழே இருக்கும்படி றைபிளை ஓர் இரவு நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கித் தோலில் ஊறும். நான் அவசரப்பட்டேன். வீட்டில் இருந்த மோட்டார் சைக்கிள் என்ஜின் ஒயிலில் பதினைந்து துளிக்கு மேல் விட்டுவிட்டு, அரை மணித்தியாலத்தில் எடுத்துச் சுட்டேன். படீர் என்று ஒரு வெடி. குழல் வாயிலிருந்து நீலப் புகை, எரிந்த எண்ணெய் மணம். டீசல் என்ஜினில் நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது: காற்றைச் சட்டென்று நெரித்தால் சூடேறும், அந்தச் சூட்டில் மிச்ச எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஸ்பிரிங்கையும் தோலையும் அது அடித்து நொறுக்கும்.

ஆனால் நான் அப்போது யோசித்தது ஸ்பிரிங்கைப் பற்றி அல்ல. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. கையில் பாதி துருவிய தேங்காய்ப் பாதி அப்படியே இருந்தது. ஒன்றும் பேசவில்லை, என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அன்றைக்கு நான் தீர்மானித்தேன், இந்த வீட்டில் இது இருக்கவேண்டுமென்றால் சத்தமில்லாமல் இருக்கவேண்டும். அதுக்குப் பிறகு செய்த பராமரிப்பு முழுக்க அந்தச் சத்தத்தைக் குறைப்பதற்காகத்தான்.

துவாரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மிச்ச எண்ணெய் வடியும்படி வாயைக் கீழே வைத்து இரண்டு நாள் விட்டேன். அப்புறம் கொழும்பிலிருந்து எடுப்பித்த தடித்த சிலிக்கன் எண்ணெயில் மூன்று துளி மட்டும். அது அவ்வளவு லேசில் பற்றாது. ஆனால் இரும்போடு இரும்பு உராய்கிற இடத்துக்குச் சிலிக்கன் உதவாது, குழல் மடங்குகிற மூட்டுக்கு மொலிப்டினம் கிறீஸ் ஒரு பொட்டு வைத்தேன். ஒரு வாரத்தில் வெடிச்சத்தம் போய், தலையணையில் தட்டுகிற மாதிரி ஒரு ‘டப்’ மட்டும் மிஞ்சியது. அதே பிஸ்கட் மட்டையைச் சன்னம் துளைத்துக்கொண்டு போனது. ஸ்பிரிங் அதே பழைய ஸ்பிரிங்தான்.

சன்னமில்லாமல் ஒருநாளும் சுடவேண்டாம். சன்னம் தடுக்காவிட்டால் முன்னால் மெத்தை மாதிரி நிற்கவேண்டிய காற்று ஓடிவிடும், பிஸ்டன் நேரே போய் இரும்பில் இடிக்கும். மடக்கி ஏற்றியபடி மணிக்கணக்காக வைப்பதும் கூடாது, ஸ்பிரிங் களைத்துவிடும். சன்னம் போடும்போது மடக்கிய குழலை மறுகையால் இறுக்கிப் பிடித்திருங்கள், கொழுவி நழுவினால் குழல் திரும்பி அடிக்கும் வேகத்தில் விரல் போய்விடும்.

இன்னொரு கசிவு குழல் வந்து பொருந்துகிற இடத்தில். அந்த மூட்டின் மேல் மெல்லிய ரிஷ்யூக் கீலம் ஒன்றை வைத்துச் சுட்டேன், கீலம் துள்ளிப் பறந்தது. அங்கேயும் ஒரு சின்னத் தோல் வளையம் இருக்கிறது, அமுங்கித் தட்டையாகிவிட்டது. எண்ணெயில் ஊறவைத்து, அடியில் மெல்லிய கடதாசி வளையம் ஒன்று வெட்டிப் போட்டேன். இப்போது கீலம் அசைவதில்லை.

கட்டையைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் அதிர்வில் தளரும், குறி தவறத் தொடங்கினால் முதலில் அவற்றைப் பாருங்கள். மரத்துக்குக் கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிற லின்சீட் எண்ணெய் போதும். ஆனால் பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுக்க நினைக்காதீர்கள். உள்ளே அது எப்போதும் அமுக்கத்தில்தான் இருக்கிறது, அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் திறந்தால் முகத்துக்குத்தான் வரும். நானும் திறக்கவில்லை.

எங்களுக்குப் பெரிய எதிரி கடற்காற்று. கடலேரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம், ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒருமுறை பூச்சு கேட்கிறது. குழலில் விரல் பட்ட இடத்தில் மறுநாளே மண்ணிறம் படரும், வியர்வையில் இருக்கிற உப்பு. இருந்த துருவை மிக மென்மையான ஸ்டீல் வூலில் எண்ணெய் தொட்டு மெல்லத் தேய்த்து எடுத்தேன். இப்போது ஒவ்வொரு தடவையும் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வைக்கிறேன். பஞ்சு வைத்த உறைக்குள் வைப்பதில்லை, பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பூட்டுப் போட்ட அலுமாரி, திறப்பு என் இடுப்பில். சன்னம் வேறு இடத்தில்.

சுடுவது கடதாசிக்கு மட்டும், பின் மதிலோரம் மணல் நிரப்பிய பெட்டிக்கு முன்னால். அணிலுக்கோ கிளிக்கோ நீட்டமாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒலிம்பிக்கில் 1984 முதல் நடக்கிற பத்து மீற்றர் றைபிள் போட்டியில் நடுப் புள்ளி அரை மில்லிமீற்றர்தான். அந்தக் கடதாசியைத்தான் வரைந்து ஒட்டுகிறேன், புள்ளி இன்னும் அகப்படவில்லை. முடிந்ததும் ஈயம் பட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணி. ஐப்பசி மழை தொடங்க முதல் மூட்டின் தோல் வளையத்தைப் புதிதாக வெட்டவேண்டும், சைக்கிள் கடை அண்ணையிடம் நல்ல தோல் ஒரு துண்டு சொல்லிவைத்திருக்கிறேன்.