எம்டிஆர் காசநோய்: சிகிச்சையை முடித்தபோது புரிந்துகொண்டவை

‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு கண்டறியப்பட்டது.’ என் சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருந்த வரி இது. ரிஃபாம்பிசின், ஐசோநியசிட் இரண்டும் காசநோய்க்கான முக்கிய மருந்துகள். ‘எதிர்ப்பு’ என்றால் கிருமி அந்த மருந்தைத் தாங்கி உயிர்வாழ்வது. இந்த இரண்டையுமே தாங்கும் கிருமியால் வருவதுதான் எம்டிஆர் காசநோய். சளியில் உள்ள கிருமியின் மரபணுவைச் சோதிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்பதை இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். இப்போது என் சிகிச்சை முடிந்துவிட்டது. இதே வரியைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “இதுக்கு முன்னாடி டிபி மருந்தே சாப்பிட்டதில்லையே டாக்டர், அப்புறம் எப்படி?”

“எதிர்ப்பு உங்க உடம்புல உருவாகலை. ஏற்கெனவே எதிர்ப்பு உள்ள கிருமிதான் காத்து வழியா உங்களுக்கு வந்திருக்கு” என்றார்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்குத்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். என் உறவினர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் என்னைப் போல எதிர்ப்பு உள்ள கிருமியே நேரடியாகத் தொற்றியவர்கள் ஏராளம். அந்தப் பழியை யாரும் சுமக்க வேண்டியதில்லை.

சரி, முதல்முதலில் அந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? மருந்துதான் கிருமியை மாற்றிவிடுகிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கிருமி பெருகும்போது அதன் மரபணுவில் தற்செயலாகப் பிழைகள் விழுகின்றன. ஐசோநியசிட் மருந்தைத் தாங்கும் பிழை ஏறக்குறைய பத்து லட்சம் கிருமிகளில் ஒன்றுக்கு இருக்கும். ரிஃபாம்பிசினைத் தாங்குவது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் நோய் அரித்த ஒரு குழியில் ஒரு கோடி முதல் நூறு கோடி வரை கிருமிகள் இருக்கலாம். அதாவது முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே, ஏதாவது ஒரு மருந்தைத் தாங்கும் கிருமி அங்கே இருக்கிறது. ஒரே ஒரு மருந்து கொடுத்தால் மற்றவை சாகும், அது மட்டும் பெருகும். ஆனால் இரண்டு மருந்தையும் சேர்த்துத் தாங்கும் கிருமி கோடி கோடியில் ஒன்றுதான். காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்தே கொடுப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இந்தப் பாடம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1947-ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்து நடந்த பரிசோதனையில், ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். அற்புதம் என்றுதான் தோன்றியிருக்கும். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 32 பேர், ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 35 பேர். மருந்து பெற்ற பெரும்பாலானவர்களிடம் அந்த மருந்தைத் தாங்கும் கிருமி பெருகிவிட்டிருந்தது. அதைப் படித்த அன்று என் கையில் இருந்த மாத்திரைகள் மீது எனக்குத் தனி மரியாதை வந்தது.

அடுத்து, சளியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் கிருமி இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. அதனால் வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன்பே வந்த இன்னொரு மரபணு ரிப்போர்ட்டில் ‘கேட்ஜி 315’ என்று இருந்தது. என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டது, இந்த நோயைப் பற்றி நான் அறிந்ததிலேயே முக்கியமானது.

ஐசோநியசிட் மாத்திரை தானாகக் கிருமியைக் கொல்லாது. கிருமிக்குள் உள்ள கேட்ஜி என்ற நொதிதான் அதை விஷமாக மாற்றுகிறது. அப்படியானால் அந்த நொதியையே இழந்துவிட்டால் கிருமி தப்பிக்கலாம். ஆனால் நம் நோயெதிர்ப்பு செல்கள் கிருமி மேல் வீசும் ரசாயனங்களை முறிப்பதும் அதே நொதிதான். அதை முழுதாக இழந்த கிருமி மருந்தைத் தாங்கும், நம் உடம்பைத் தாங்காது. நோயுண்டாக்கும் வீரியம் குறைந்துவிடும். அந்த நொதியின் 315-ஆம் இடத்தில் மட்டும் மாறிய கிருமிக்கு இரண்டும் கிடைக்கிறது: மருந்து விஷமாக மாறுவதும் வெகுவாகக் குறைகிறது, தற்காப்பும் பெருமளவு மிஞ்சுகிறது. உலகெங்கும் நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் ஐசோநியசிட் எதிர்ப்பு இதுவாக இருப்பது அதனால்தான். எதிர்ப்பு பெற்ற கிருமி பலவீனமாகத்தான் இருக்கும் என்று ஆறுதல் சொல்பவர்களை நம்பாதீர்கள். ரிஃபாம்பிசினைத் தாங்கும் மாற்றத்தால் வளர்ச்சி மந்தமானாலும், வேறொரு மரபணுவில் இன்னொரு மாற்றம் வந்து அந்த இழப்பை ஈடுகட்டிவிடுவதுண்டு.

எனக்குக் கொடுத்தது பெடாகுவிலின், பிரிடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாத சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. அதற்கு முன் பலர் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மருந்து எடுத்திருக்கிறார்கள், அதில் ஊசியும் உண்டு.

ஆறு மாதமும் லேசானதல்ல. குமட்டல் சமாளிக்கக்கூடியதுதான். லினசோலிடால் பாதங்களில் மரமரப்பு வந்தது. சொன்னதும் அளவைக் குறைத்தார்கள். இதை உடனே சொல்லிவிடுங்கள், தாமதித்தால் மரமரப்பு நிலைத்துவிடலாம். ரத்த அணுக்களையும் இதயத் துடிப்பையும் பார்க்க ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் இடையிடையே உண்டு. “சிஸ்டர், இன்னைக்கும் ஈசிஜியா?” என்று அலுத்துக்கொண்டாலும், ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.

கல்ச்சர் நெகட்டிவ் ஆனபோது இருமல் நின்று, பசி வந்து, எடையும் ஏறியிருந்தது. நிறுத்திவிடத் தோன்றும் கட்டம் இதுதான். டாக்டர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தொடர வைத்தது. மற்ற மூன்று மருந்துகளும் ஓரிரு நாளில், அதிகம் போனால் சில நாட்களில், உடம்பை விட்டுப் போய்விடும். பெடாகுவிலின் திசுக்களில் தங்கி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதன் அளவு பாதியாகவே ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினாலும், மிஞ்சியிருக்கும் கிருமிகள் முன்னால் பெடாகுவிலின் மட்டும், அதுவும் குறைந்துகொண்டே, தனியாக நிற்கும். 1947-ல் நடந்தது நம் நெஞ்சுக்குள் மறுபடி நடக்க அது போதும். அதனால் வாந்தியோ வலியோ தாங்க முடியாவிட்டால், நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். அவரால் அளவைக் குறைக்க முடியும், மருந்தை மாற்ற முடியும்.

மருந்து முடிந்தாலும் குறிப்பிட்ட இடைவெளியில் சளிப் பரிசோதனை தொடரும். எனக்கு அடுத்தது வரும் மாதம்.